கன்று நடுவதற்கு முன் தண்ணீருக்கு வழி விடுவோம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரவு சாப்பிட்ட பிறகு படியுங்கள். ஆனால் கட்டாயம் படியுங்கள்.

2004-ல் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் 26-ஆம் தேதியோடு சுனாமி வந்து 20 ஆண்டு முடிகிறது. அந்த வகுப்பில் நம்மை விட்டுப் போன பிள்ளைகளின் நினைவாகக் கழிமுகக் கரையில் 5,000 அலையாத்திக் கன்றுகள் நடுவதாக முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் சேர்ந்தும் விட்டது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் அனுப்பியிருக்கிறார்கள். "டீச்சர், முதல் கன்றை நீங்கதான் நடணும்" என்று போன வாரம் கூப்பிட்டார்கள்.

போன பிள்ளைகளின் பெயர்களை இங்கே எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும். 2005 ஜனவரியில் பள்ளி திறந்த அன்று வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் பெயர் வாசிக்க முடியவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எண்களை மட்டும் வாசித்து முடித்தார். ஆகவே இந்தக் கன்றுகள் எனக்கு வெறும் கன்றுகள் அல்ல. அந்தப் பிள்ளைகளின் பெயரில் நடுகிற ஒன்று ஆறு மாதத்தில் காய்ந்து நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் வராது. அதனால்தான் "ஒரு வாரம் பொறுங்கள், எழுதுகிறேன்" என்று சொன்னேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது. நம் பழைய மாணவி ஒருத்தியின் மகள் கடல் உயிரியல் படிக்கிறாள். அவள் ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்வாள். நான் பட்டயப் பயிற்சி முடித்த ஆசிரியை. அந்த ஆங்கிலம் எனக்கு எளிதல்ல. ஆனால் விஷயம் புரிந்துவிட்டால் அதை ஏழாம் வகுப்புக்குச் சொல்ல எனக்குத் தெரியும். அப்படியே சொல்கிறேன்.

முதலில் நம்ம பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற காடு. சுவாச வேர், தாங்கு வேர் என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்தியது நினைவிருக்கும். வெண்கண்டலுக்குச் சேற்றிலிருந்து பென்சில் குத்தி வைத்தது போல மேலே வருவது சுவாச வேர். சுரபுன்னைக்கு நாலா பக்கமும் கால் ஊன்றுவது தாங்கு வேர். சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் இந்தக் காட்டு மரம்தான். அதன் பால் கண்ணில் படக்கூடாது என்று படகில் போகும்போது உங்களை மிரட்டி வைத்திருந்தேன்.

அந்தக் காடு ஒரு காலத்தில் பாதி அழிந்து கிடந்தது. யார் அழித்தார்கள்? சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், அதனால் அழிந்தது என்றுதான் வெகுகாலம் சொன்னார்கள். ஆகவே ஊர்க்காரர்களைத் தடுத்தால் போதும் என்று நினைத்தார்கள். தடுத்தும் பார்த்தார்கள். வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்தது.

1990-களில் சென்னையில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பிச்சாவரத்தில் இறங்கி மண்ணையும் தண்ணீரையும் அளந்தார்கள். காரணம் வேறாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-களின் நடுப்பகுதி வரை இங்கே கூப்பு முறையில் மரம் வெட்டினார்கள். அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை மொத்தமாக மொட்டை அடிப்பது. அடுத்த பகுதிக்கு அடுத்த முறை. வெட்டிய இடம் தானாக வளர்ந்துவிடும் என்று கணக்கு.

தானாக வளரவில்லை. ஏன் என்று கவனியுங்கள். நிழல் போனதும் வெயில் நேராக மண்ணில் விழுந்தது. களிமண்ணில் இருந்த ஈரம் வற்றியது. மண் அமுங்கியது. நடுவில் தாம்பாளம் போலப் பள்ளம் விழுந்தது. ஏற்றத்தில் வந்த கடல் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் நின்றது. வற்றத்தில் வெளியே போக வழியில்லை. நின்ற தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதைத் தாங்கும் மரம்தான் இது. ஆனால் தினம் தினம் உப்பு சேர்ந்து உப்பளம் போல ஆகிவிட்டால் அலையாத்தி என்ன செய்யும்? உமரிச்செடி மட்டும் முளைக்கும். நம் கடற்கரையில் ஏற்றவற்றத்தின் உயரம் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் மண் ஒரு சாண் தாழ்ந்தாலும் மரத்துக்கு அது பெரிய மாற்றம்.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது என்ன தெரியுமா? பல வருடம் பழி சுமந்த ஏழைகள் மேல் இருந்த பழி இறங்கியது. விறகு பொறுக்கியவர்களும் மாடு மேய்த்தவர்களும் சிறிது சேதம் செய்திருக்கலாம். ஆனால் மண்ணின் உருவத்தையே மாற்றியது கூப்பு.

நோய் தெரிந்ததும் மருந்து எளிதாகிவிட்டது. பள்ளத்திலிருந்து கழி வரை ஒரு பெரிய வாய்க்கால். அதற்கு இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். மீன்முள் வாய்க்கால் என்றே பெயர். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். தேங்கிய உப்பு கழுவிப் போகும். பிறகு அந்த வாய்க்கால் ஓரத்துச் சரிவில் வெண்கண்டல் நட்டார்கள். சுற்றியுள்ள ஊர்களில் ஆண்களும் பெண்களும் சேர்ந்த கிராமக் குழுக்கள் அமைத்து, வனத்துறையும் ஊரும் நிறுவனமும் கூட்டாகக் காட்டைப் பார்த்துக்கொண்டார்கள். கிள்ளை பக்கம் எம்.ஜி.ஆர் நகரில் இருக்கிற இருளர் குடும்பங்களும் அதில் சேர்ந்தார்கள். கழியில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள் அவர்கள். எந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, எதில் நிற்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1986-ல் எடுத்த செயற்கைக்கோள் படத்தையும் 2002-ல் எடுத்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது பிச்சாவரத்தில் மரம் மூடிய பரப்பு கிட்டத்தட்ட இரு மடங்காகியிருந்தது. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் பிச்சாவரம் சேர்ந்தது.

இந்த வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும் பகுதி இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியிலிருந்து. தமிழ்நாடு, ஆந்திரா, ஒடிசா, மேற்கு வங்கம் என்று நான்கு மாநிலக் கடற்கரையிலும் அந்த உதவியில் வேலை நடந்தது. 1990-ல் உலக அலையாத்தி ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு பன்னாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். அதன் தலைமையகம் ஜப்பானில் ஒகினாவா தீவில். முதல் தலைவர் நம் சுவாமிநாதன் ஐயா. நெல், கோதுமை என்று நாம் பாடத்தில் படித்த அதே ஐயாதான்.

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் வாருங்கள். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் அலையாத்தி நடுவதற்குப் பெரிய ஆர்வம் வந்தது. அரசு, தொண்டு நிறுவனங்கள் எல்லாம் நட்டன. நட்டவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் நட்டார்கள். சில ஆண்டு கழித்து, மாத்தறையில் உள்ள ருகுணு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து, நட்ட இடங்களுக்கெல்லாம் திரும்பப் போய்க் கன்றுகளை எண்ணினார்கள். 2017-ல் முடிவு வெளிவந்தது.

மொத்தம் 23 இடங்கள். நடவு நடந்த பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேர். காடாகத் தேறியது 200 முதல் 220 ஹெக்டேர் மட்டும். 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்தது கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு என்ற மூன்றே இடங்களில்.

காரணம் என்ன? தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், மண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் நட்டது. இடத்துக்கு ஒவ்வாத வகையை நட்டது. சுரபுன்னை விதை கையில் பிடிக்க வசதி, சேற்றில் குத்தினால் நிற்கும், படம் எடுக்க அழகு. அதனால் எல்லா இடத்திலும் அதுவே. நட்ட பிறகு திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. மாடு மேய்ந்தது, பாசி மூடியது, தண்ணீர் முழுக்கடித்தது.

இந்தக் கட்டுரையைக் கேட்ட அன்று எனக்கு ஒன்று தோன்றியது. தோற்றதை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கையை ஒளிக்காமல் வெளியிட்டார்களே, அதுதான் பெரிய சேவை. பரீட்சை வைத்தால் விடைத்தாளைத் திருத்தவும் வேண்டும் அல்லவா? நடவு விழா நடத்துபவர்கள் பலர் விடைத்தாளைத் திருத்துவதே இல்லை.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ராபின் லூயிஸ் என்ற ஆய்வாளர் இருந்தார். அவர் பல ஆண்டு திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். அலையாத்தி ஏன் தானாக முளைக்கவில்லை என்று முதலில் கண்டுபிடியுங்கள். தண்ணீர் வந்து போகும் வழியையும் மண்ணின் உயரத்தையும் சரி செய்யுங்கள். விதை கடலில் மிதந்து வரும், அதுவே ஊன்றிக்கொள்ளும். வரவில்லை என்றால் மட்டும் நடுங்கள். ஃபுளோரிடாவில் வெஸ்ட் லேக் என்ற இடத்தில் அப்படியே செய்து, அலையாத்தியைக் கையால் நடாமலே காடு வந்தது.

பிச்சாவரத்தில் மீன்முள் வாய்க்கால், ஃபுளோரிடாவில் மண்ணைச் செதுக்கியது, இலங்கையில் எண்ணிப் பார்த்தது. மூன்று நாட்டில் மூன்று விதமான வேலை. மூன்றும் கடைசியில் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. இப்படி ஒரு நாட்டின் பாடம் இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சேருவதற்குப் பெயர்தான் பன்னாட்டு ஆராய்ச்சிக் கூட்டுறவு. வெள்ளைக்காரர் வந்து சொல்லிக் கொடுப்பது, நாம் கைகட்டிக் கேட்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி நடந்த காலமும் உண்டு. ஆனால் பிச்சாவரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தது நம் ஆட்கள். பணத்தில் பங்கு வெளியிலிருந்து. இலங்கையில் எண்ணியது அவர்கள் ஊர்ப் பல்கலைக்கழகமும் பெல்ஜியமும் சேர்ந்து. யார் எதில் வல்லவரோ அவர் அதைக் கொண்டு வந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கென்யாவில் கசி என்ற விரிகுடா. அங்கே ஊர் மக்கள், கென்யக் கடல் ஆராய்ச்சி நிறுவனம், ஸ்காட்லாந்தில் எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகம் மூவரும் சேர்ந்து 117 ஹெக்டேர் அலையாத்திக் காட்டைக் காக்கிறார்கள். மரமும் சேறும் பிடித்து வைக்கிற கரியமிலத்துக்கு 2013 முதல் வெளிநாட்டில் விலை கிடைக்கிறது. அந்தப் பணத்தில் ஊருக்குக் குடிநீர், பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம். திட்டத்தின் பெயர் மிகோகோ பமோஜா. சுவாஹிலி மொழியில் 'சேர்ந்து அலையாத்தி' என்று பொருளாம். காட்டைக் காப்பவர் வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் காடு நிற்கும் என்பதை அவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி நம் பிள்ளைகள் மனதில் இருக்கிற முக்கியமான கேள்வி. அலையாத்தி இருந்திருந்தால் நம் பிள்ளைகள் பிழைத்திருப்பார்களா?

உண்மையைச் சொல்கிறேன். 2005 அக்டோபரில் சயின்ஸ் என்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. டென்மார்க், இந்தியா, ஜப்பான், மலேசியா, இந்தோனேசியா என்று பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதியது. ஆய்வு நடந்தது நம் கடலூர் மாவட்டத்தில். காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்களுக்குச் சேதம் இல்லை. கடற்கரையிலேயே இருந்த இரண்டு ஊர்கள் முழுதாக அழிந்தன என்று அதில் எழுதினார்கள். பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தாரும் 18 மீனவக் குப்பங்களைப் பார்த்து, மரங்கள் காத்தன என்றே எழுதினார்கள்.

2006-ல் ஆஸ்திரேலியா உள்ளிட்ட இடங்களிலிருந்து வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். மரத்துக்குப் பின்னால் இருந்த ஊர்கள் கடலிலிருந்து தூரத்திலும் கொஞ்சம் மேட்டிலும் இருந்தன, அதனால்தான் தப்பின, மரத்தை மட்டும் நம்பி மக்களை ஏமாற்றக்கூடாது என்றார்கள். அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று வாதம் நடந்தது.

இந்த வாதத்தைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. நம் வீட்டுச் சாவை வைத்து இவர்கள் கணக்குப் போடுகிறார்களே என்று. பிறகு யோசித்தேன். அவர்கள் சொல்வதும் நம் பிள்ளைகளுக்காகத்தான். மரம் நட்டுவிட்டோம், இனி பயமில்லை என்று ஒரு தாய் நினைத்து, எச்சரிக்கை வந்தும் வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும்? அலையாத்தி அலையின் வேகத்தைக் குறைக்கும், புயல் காலத்தில் கரையைப் பிடித்து வைக்கும், இறாலுக்கும் நண்டுக்கும் மீன் குஞ்சுக்கும் வீடாக இருக்கும். இவற்றுக்காகவே அது வேண்டும். ஆனால் பெரிய அலை வருகிறது என்றால் ஓட வேண்டிய இடத்துக்கு ஓடத்தான் வேண்டும். மேடும், எச்சரிக்கையும், காடும் மூன்றும் சேர்ந்து இருக்கட்டும்.

2021 முதல் 2030 வரை சிதைந்த இயற்கையை மீட்கும் பத்தாண்டு என்று ஐ.நா. அறிவித்திருக்கிறது. 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் கூடி, சிதைந்து போன நிலத்திலும் நீரிலும் கடலிலும் குறைந்தது 30 சதவீதத்தில் 2030-க்குள் மீட்பு வேலை நடக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. நல்லதுதான். ஆனால் இலக்கு பெரிதாகும்போது எண்ணிக்கை காட்டும் ஆசையும் பெரிதாகும். எத்தனை லட்சம் கன்று நட்டோம் என்று சொல்வது எளிது. ஐந்து வருடம் கழித்து எத்தனை நிற்கிறது என்று சொல்வதுதான் கடினம்.

ஆகவே பிள்ளைகளா, கன்று வாங்கும் முன் இந்த ஐந்து கேள்விகளுக்கு விடை கண்டுபிடியுங்கள்.

1. நாம் நினைத்திருக்கும் இடத்தில் முன்பு அலையாத்தி இருந்ததா? இல்லாத இடத்தில் வலிய நட வேண்டாம். வெறும் சேறாகத் தெரியும் இடம் பறவைகளுக்கு இரை தரும் இடமாக இருக்கலாம்.

2. இருந்தது என்றால், ஏன் திரும்ப முளைக்கவில்லை? தண்ணீர் வரவில்லையா, வந்தது போகவில்லையா? அங்கே மீன் பிடிக்கிற பெரியவர்களிடம் கேளுங்கள். ஏற்றத்தில் ஒரு நாளும் வற்றத்தில் ஒரு நாளும் போய் நின்று பாருங்கள்.

3. எந்த வகை? பக்கத்தில் தானாக வளர்ந்து நிற்பது எதுவோ அதுவே அந்த இடத்துக்கு ஏற்றது.

4. இடம் யாருடையது? காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கன்றும் நடக்கூடாது. அங்கே வலை வீசிப் பிழைப்பவர்களின் சம்மதமும் வேண்டும்.

5. மூன்று வருடம் யார் பார்ப்பது? வாய்க்கால் வெட்டினாலும் சேறு வந்து மூடும். தூர் வார வேண்டும். மாடு வராமல் பார்க்க வேண்டும்.

என் யோசனை இது. 5,000 கன்று என்ற எண்ணை விட்டுவிடுங்கள். சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை வாய்க்கால் தூர் வாரும் கூலிக்கு ஒதுக்குங்கள். அந்தக் கூலி அந்த ஊர் ஆட்களுக்கே போகட்டும். மீதியை மூன்று வருடத்துக்குப் பிரித்து வையுங்கள். வனத்துறையிடமும் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களிடமும் முறையாக எழுதிக் கேட்போம். கடிதம் நான் எழுதுகிறேன். அனுமதி டிசம்பருக்குள் வராமல் போகலாம். போகட்டும். நினைவு நாளன்று விளக்கேற்றி, பிள்ளைகளின் பெயர்களை ஒருமுறை வாசிப்போம். அன்று நான் வாசிக்கிறேன். தண்ணீருக்கு வழி திறந்த பிறகு, தானாக என்ன முளைக்கிறது என்று பார்த்து, இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும் நடுவோம்.

வருடா வருடம் டிசம்பரில் ஒரே இடத்தில் நின்று ஒரே பக்கம் பார்த்து ஒரு படம் எடுக்க வேண்டும். பெங்களூரில் செயற்கைக்கோள் படம் பார்க்கும் வேலையில் இருக்கிற தம்பி அந்த இடத்தின் பழைய படங்களை எடுத்துத் தர முடியுமா என்று சொல்லட்டும். பெல்ஜியத்தில் இருக்கிற நம் மருமகள், நேரம் கிடைத்தால் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பார்க்கலாம். கனடாவில் இருக்கிற பிள்ளைகள் பணம் அனுப்பியது போதும். உங்கள் குழந்தைகளை அடுத்த விடுமுறையில் பிச்சாவரத்துக்குக் கூட்டி வந்து, அந்த மீன்முள் வாய்க்காலைக் காட்டுங்கள். அவர்கள் பிறந்த நாட்டுப் பணமும் அதில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

நடவு செய்ய ஆசைப்பட்டவர்களுக்கு வருத்தமாக இருக்கலாம். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். டீச்சர் சொல்லிவிட்டார் என்பதற்காகத் தலையாட்ட வேண்டாம், அந்த வயதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் குழுவில் பேசுவோம். அதற்குள் உள்ளூரில் இருக்கிறவர்கள் யாராவது இரண்டு பேர் வற்றம் நேரத்தில் அந்த இடத்துக்குப் போய், தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று ஒரு காணொளி எடுத்து அனுப்புங்கள். முட்டி அளவு சேறு இருக்கும். செருப்பைக் கரையிலேயே கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்